வெளிநாட்டில் வாங்கும் கைக்கடிகாரத்துக்குச் சிங்கப்பூரில் வரி எவ்வளவு?

கேள்வி: ஜப்பானிய இணையக் கடை ஒன்றில் சீக்கோ கைக்கடிகாரம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை 650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கூரியர் கட்டணம் 40 வெள்ளி, காப்புறுதி 10 வெள்ளி. சுங்கத் தீர்வை, பொருள் சேவை வரி இரண்டையும் கட்ட வேண்டுமா? 400 வெள்ளிக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான் வரி என்று நண்பர் உறுதியாகச் சொல்கிறார். (ஈசூன் வாசகர்)

பதில்: சுங்கத் தீர்வையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் மதுபானம், புகையிலைப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள், பெட்ரோலியப் பொருள்கள் ஆகியவற்றுக்குத்தான் தீர்வை உண்டு. கைக்கடிகாரம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் வராது. நீங்கள் கட்ட வேண்டியது பொருள் சேவை வரி மட்டுமே. அது 2023இல் 8 விழுக்காடாகவும் 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது.

நண்பர் சொல்வது தவறு. விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொருளின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டிவிட்டால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்லாமல் முழு மதிப்புக்கும் வரி விதிக்கப்படும். அந்த மதிப்பு என்பது பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்தது. உங்கள் கணக்கில் 650, 40, 10 மூன்றும் சேர்ந்து 700 வெள்ளி ஆகிறது. அதில் 9 விழுக்காடு 63 வெள்ளி. விலை ஜப்பானிய யென்னில் இருந்தால் சுங்கத்துறை தான் வெளியிடும் மாற்று விகிதத்தைக் கொண்டு கணக்கிடும் என்பதால், உங்கள் கடன் அட்டைக் கணக்கில் காணும் தொகைக்கும் இதற்கும் சிறு வேறுபாடு இருக்கலாம். வரியை உங்கள் சார்பில் முன்கூட்டியே செலுத்திவிடும் கூரியர் நிறுவனங்கள் அந்தச் சேவைக்கென ஒரு கட்டணமும் கேட்பதுண்டு. அது வரி அல்ல, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே வாங்கும் முன்னரே அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய கைக்கடிகாரத்தின் விலை 380 வெள்ளி. பணம் கட்டும் பக்கத்திலேயே 9 விழுக்காடு வரி பிடித்துவிட்டார்கள். இப்போது கூரியர் நிறுவனம் மறுபடியும் வரி கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறது. இது மோசடியா? (பொங்கோல் வாசகர்)

பதில்: மோசடியாகவும் இருக்கலாம், முறையான கோரிக்கையாகவும் இருக்கலாம். குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், அந்த நிறுவனத்தின் இணையத்தளத்துக்கு நீங்களாகவே சென்று பொட்டலத்தின் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

கோரிக்கை முறையானதுதான் என்று தெரியவந்தால், அதற்குக் காரணம் இரண்டு வகைக் கணக்குகள் இருப்பதுதான். 2023 ஜனவரி 1 முதல், சிங்கப்பூரில் இந்த வரிக்காகப் பதிவு செய்துகொண்ட வெளிநாட்டு விற்பனையாளர்கள் 400 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு விற்கும்போதே பொருள் சேவை வரியை வசூலிக்கிறார்கள். அவர்கள் 400 என்று பார்ப்பது பொருளின் விற்பனை விலையை மட்டுமே; அனுப்பும் செலவை அதில் சேர்ப்பதில்லை. சுங்கத்துறையோ செலவும் காப்புறுதியும் சேர்ந்த மதிப்பைப் பார்க்கிறது. 380 வெள்ளிக் கைக்கடிகாரத்துக்கு 35 வெள்ளி அனுப்பும் செலவு சேர்ந்தால், கடைக்காரரின் கணக்கில் அது வரம்புக்குள்ளும் சுங்கத்துறையின் கணக்கில் 415 வெள்ளியாக வரம்புக்கு வெளியிலும் நிற்கிறது. வரி ஏற்கெனவே வசூலிக்கப்பட்டது என்ற தகவலை விற்பனையாளர் பொட்டலத்தோடு சரியாக அனுப்பத் தவறினால், அதே பொருளுக்கு இரண்டாம் முறையும் வரி கேட்கப்படும்.

வரித்தொகை தனியாகக் காட்டப்பட்டிருக்கும் ரசீதைப் பணம் கட்டும் முன்பே கூரியர் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், இறக்குமதியின்போது வரி செலுத்தியதற்கான சான்றைக் காட்டி, விற்பனையாளர் வசூலித்த தொகையை அவரிடமிருந்தே திரும்பக் கேட்க வேண்டும்.

கேள்வி: பழைய ஒமேகா கைக்கடிகாரம் ஒன்றை விற்கும் வெளிநாட்டுக்காரர், பொட்டலத்தில் ‘அன்பளிப்பு, 50 வெள்ளி’ என்று எழுதி அனுப்புவதாகவும் அதனால் எனக்கு வரி மிச்சமாகும் என்றும் சொல்கிறார். உண்மை விலை 1,800 வெள்ளி. எல்லாரும் இப்படித்தான் செய்வதாகவும் சொல்கிறார். (ஜூரோங் வாசகர்)

பதில்: தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள். ‘அன்பளிப்பு’ என்ற சொல்லுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது; அன்பளிப்பாக வந்தாலும் 400 வெள்ளியைத் தாண்டினால் வரி உண்டு. ஆகவே அந்தச் சொல்லால் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை, பொய் மதிப்பினால் வரும் ஆபத்து மட்டுமே மிஞ்சும். வரி ஏய்ப்பு நிரூபிக்கப்பட்டால், ஏய்த்த தொகையைப் போல் 20 மடங்கு வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அனுப்பும் செலவை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நீங்கள் மிச்சப்படுத்த நினைக்கும் வரி 162 வெள்ளி. அதில் 20 மடங்கு 3,240 வெள்ளி.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இது உங்களுக்கு நட்டம்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் இதே முறையில் தருவித்த கைக்கடிகாரத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. கண்ணாடி குறுக்கே விரிசல் கண்டு, வினாடி முள் கழன்று முகப்பின் அடிப்பக்கத்தில் கிடந்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சுங்க அறிவிப்புத் தாளில் மதிப்பு 40 வெள்ளி என்று எழுதியிருந்ததால், கூரியர் நிறுவனம் 40 வெள்ளிக்கு மேல் ஈடு தர மறுத்துவிட்டது. 1,000 வெள்ளிக்கு மேல் கொடுத்தவர் அந்தத் தாளை எதிர்த்து என்ன வாதாட முடியும்? பொட்டலம் தொலைந்தாலும் நிலைமை இதுதான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பொருள் சேவை வரிக்குப் பதிவு பெறாத தனி மனிதர் ஒருவரிடம், அனுப்பும் செலவு உட்பட 400 வெள்ளிக்குள் பழைய கைக்கடிகாரம் வாங்கினால், உண்மை விலையை எழுதினாலே வரி வராது. பொய் சொல்வதற்கு அங்கே தேவையே இல்லை.

கேள்வி: நான் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது என் அண்ணன் 450 வெள்ளி பெறுமானமுள்ள புதிய கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். 500 வெள்ளி வரை வரி இல்லை என்பதால், சுங்கத்தில் வரி கட்ட ஏதுமில்லாதவர்களுக்கான பச்சை வழியில் வந்துவிடலாம்தானே? (துவாஸ் வாசகர்)

பதில்: நீங்கள் சொல்லும் 500 வெள்ளிச் சலுகை, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பயணிகளுக்கு உரியது. அதற்குக் குறைவாக இருந்தவர்களுக்கு 100 வெள்ளி மட்டுமே. காலையில் ஜோகூர் பாருவுக்குப் போய் 450 வெள்ளிக்குக் கைக்கடிகாரம் வாங்கி மாலையில் உட்லண்ட்ஸ் வழியாகத் திரும்பும் சிங்கப்பூரர், 350 வெள்ளிக்கு 9 விழுக்காடாக 31 வெள்ளி 50 காசு கட்ட வேண்டும்.

உங்கள் நிலை வேறு. ஒர்க் பெர்மிட், எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் அட்டை, டிபெண்டன்ட் பாஸ், நீண்டகால அனுமதி அட்டை ஆகியவற்றை வைத்திருப்போருக்கு இந்தச் சலுகையே கிடையாது. எத்தனை நாள் ஊரில் இருந்தாலும், அண்ணன் கொடுத்த அன்பளிப்பானாலும், 450 வெள்ளிக்கும் சேர்த்து 40 வெள்ளி 50 காசு வரி உண்டு. இதை அறியாமல் பச்சை வழியில் நடந்து நிறுத்தப்படும் தொழிலாளத் தம்பிகள் பலருக்கும் ஏய்க்கும் எண்ணமே இருப்பதில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழிக்குச் சென்று ரசீதைக் காட்டிக் கட்டிவிடுங்கள். சுங்கத்துறையின் இணையச் செயலி வழியாக முன்கூட்டியே கட்டிவிட்டும் வரலாம்.

புதிய கைக்கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வந்தால் அது பழையதாகிவிடாது. உண்மையிலேயே நீங்கள் பயன்படுத்திவரும் சொந்தக் கைக்கடிகாரத்துக்கு வரி இல்லை. இருந்தாலும் அது விலை உயர்ந்ததாக இருந்தால், சிங்கப்பூரில் வாங்கிய ரசீதைப் படமெடுத்துக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்படுவது நல்லது.

கேள்வி: லண்டன் கடை ஒன்றில் 600 பவுண்டுக்குக் கைக்கடிகாரம் தருவிக்கப் போகிறேன். முதலைத் தோல் வார் போட்டது. கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா? (பிடோக் வாசகர்)

பதில்: இரண்டு உண்டு. பிரிட்டனில் போட்டிருக்கும் விலையில் பெரும்பாலும் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கும். அங்கு வரும் சுற்றுப்பயணிகள் கடையில் வாங்கி அந்த வரியைத் திரும்பப் பெறும் ஏற்பாடு 2020 முடிவோடு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் நின்றுவிட்டது. ஆனால் கடையே நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பினால் வரியை நீக்கி விற்க முடியும். 600 பவுண்டில் வரி 100 பவுண்டு. அதை நீக்கி 500 பவுண்டுக்கு ரசீது போடச் சொல்லுங்கள். அவர்கள் நீக்காவிட்டால், அந்த 100 பவுண்டுக்கும் சேர்த்து நீங்கள் இங்கே 9 விழுக்காடு கட்டுவீர்கள்.

அடுத்தது வார். முதலை இனங்கள் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான அனைத்துலக உடன்பாட்டின் கீழ் வருகின்றன. பயணி ஒருவர் தம்மோடு கொண்டுவரும் சில முதலைத் தோல் பொருள்களுக்கு விலக்கு இருக்கிறது, கூரியரில் வருவதற்கு அது பொருந்தாது. அங்கிருந்து ஏற்றுமதி அனுமதியும் இங்கே தேசிய பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் இல்லாவிட்டால் பொட்டலம் முடங்கலாம். வாரைக் கழற்றிவிட்டுக் கன்றுத் தோல் வாரோ ரப்பர் வாரோ மாட்டி அனுப்புமாறு கடைக்காரரிடம் எழுதிக் கேளுங்கள். அசல் கொக்கியை மட்டும் பெட்டிக்குள் தனியாக வைத்து அனுப்பச் சொன்னால், பிறகு இங்கே வாங்கும் வாரில் அதைப் பொருத்திக்கொள்ளலாம்.