குடும்பச் சின்னத்தில் எத்தனை கதைகளை அடைக்கலாம்?

கேள்வி: தாத்தா தச்சர், பாட்டி வழியினர் படகோட்டிகள். அடுத்த தலைமுறை படித்து முன்னேறியது. இதெல்லாம் தெரியும்படி சிங்கம், கிரீடம், படகு, உளி, புத்தகம், மரம் சேர்த்து ஒரு குடும்பச் சின்னம் வரைந்தோம். நெரிசலாக இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: முதலில் சிங்கமும் கிரீடமும் போகட்டும். நீங்கள் சொன்ன கதையில் அவை இரண்டுமே இல்லையே! இணையத்தில் 'உங்கள் குடும்பப் பெயருக்கான சின்னம்' என்று விற்பதையும் நம்ப வேண்டாம். இங்கிலாந்து மரபில் கேடயச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. அதே பெயர் கொண்ட எல்லோருக்கும் அல்ல. அங்கே 1484இல் தொடங்கிய சின்னப் பதிவு நிறுவனம் இன்றும் இயங்குகிறது.

புத்தகத்தையும் விட்டுவிடலாம். படிப்பு பல வீடுகளின் கதை. உளியும் படகும்தான் உங்களுடையவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றாக்கிப் பாருங்கள்: பாய்மரம் நிற்கும் இடத்தில் உளி நிற்கட்டும். இரு வழியும் ஒரே உருவத்தில் வந்துவிடும். மரம்? படகே மரம்தானே.

நிறத்துக்கு ஐரோப்பியச் சின்னக்கலையின் பழைய விதி ஒன்று இன்றும் உதவும். பொன், வெள்ளி (அதாவது மஞ்சள், வெள்ளை) ஒரு பக்கம்; சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா மறுபக்கம். ஒரே பக்கத்து நிறங்களை ஒன்றின்மேல் ஒன்று வைக்கக் கூடாது. நீலத்தின்மேல் கறுப்புப் படகு தூரத்தில் மறைந்துபோகும். வெள்ளைப் படகு பளிச்சென்று நிற்கும். ஜப்பானியக் குடும்பச் சின்னங்கள் பெரும்பாலும் ஒற்றை நிறத்திலேயே நிற்பவை. ஒரு காலத்தில் ஜப்பானை ஆண்ட தொகுகவா குடும்பத்துக்கு ஒரு வட்டத்துக்குள் மூன்று இலைகள், அவ்வளவுதான். நம் மூவேந்தருக்கும் வில், கயல், புலி என ஆளுக்கு ஒன்று போதுமாக இருந்தது.

அப்புறம், வரைவதற்கு முன் சின்னத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: 'நீல வட்டத்துக்குள் வெள்ளைப் படகு, பாய்மரமாக நிமிர்ந்த உளி.' ஐரோப்பிய மரபில் சின்னங்களைச் சொற்களாலும் விவரித்துப் பதிவு செய்தார்கள். ஓவியர் மாறினாலும் சின்னம் மாறாது. ஒரு வரியில் அடங்கவில்லையா, இன்னும் ஏதோ கூடுதலாக இருக்கிறது.

கணினித் திரையில் பெரிதாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1 செ.மீ. அகலத்தில், கறுப்பு மையில் மட்டும் அச்சிட்டு, விவரம் சொல்லாமல் வீட்டுக் குழந்தையிடம் காட்டுங்கள். படகு என்று சொன்னால் சரி. உளியையும் கண்டுபிடித்தால், வெக்டர் கோப்பாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோப்பு வகை) சேமித்துக் குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிடலாம்.