தெருவில் அம்மை, மண்டபத்தில் வளைகாப்பு

கேள்வி: மன்னார்குடியில் இருக்கும் என் மகளுக்கு இது ஏழாம் மாதம். கும்பகோணத்தில் எங்கள் தெருமுனை மண்டபத்தில் வளைகாப்பு வைத்து, 200 பேரை அழைத்தாயிற்று. அப்படியே அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. இப்போது எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் பிள்ளைகளுக்குச் சின்னம்மை. குறித்த நாளை மாற்றக் கூடாது என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். என்ன செய்வது?

பதில்: அந்த மண்டபம் வேண்டாம், அம்மா.

அம்மை போட்ட வீட்டார் விசேஷத்துக்கு வரமாட்டார்கள் என்று நினைப்பீர்கள். உண்மைதான், வாசலில் வேப்பிலை செருகி ஒதுங்கியிருப்பது நல்ல பழக்கம். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை தொற்ற ஆரம்பித்துவிடும். அன்றைக்கு அந்த வாசலில் வேப்பிலை இருக்காது. லேசாக உடம்பு சுடுகிற ஒரு குழந்தை, பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வளையல் வாங்க ஓடிவரும். மூச்சுக்காற்றிலேயே பரவும் நோய் இது. அதிலும் வளைகாப்பில் வருகிறவர்கள் எல்லோரும் உங்கள் மகளின் முகத்துக்கு நேரே குனிந்து கன்னத்தில் சந்தனம் பூசுவார்கள். பந்தியில் இன்னும் இரண்டு கர்ப்பிணிகளாவது இருப்பார்கள்.

மகளுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா? தெரியாவிட்டால் நாளைக்கே அவளுடைய மகப்பேறு மருத்துவரைக் கேட்டு, வேரிசெல்லா ஐஜிஜி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. இல்லையென்றால் கவனம் தேவை. கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரலைத் தாக்கி நிமோனியாவாக மாறலாம். இதன் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது, அதனால் பிரசவத்துக்குப் பிறகுதான் போடலாம். அம்மை போட்டவர் அருகில் இருந்துவிட்டதாகத் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 10 நாளுக்குள் போடக்கூடிய இம்யூனோகுளோபுலின் ஊசி, அதாவது எதிர்ப்புச் சக்தியை நேரடியாக உடம்பில் ஏற்றும் ஊசி, உண்டு. அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்ற பேச்செல்லாம் கர்ப்பிணி விஷயத்தில் வேண்டவே வேண்டாம்.

மண்டபத்தைவிட எனக்குக் கவலை தருவது அதற்கு அப்புறம் நடக்கப்போவதுதான். விசேஷம் அரை நாளில் முடிந்துவிடும். அவளோ மாதக்கணக்கில் உங்கள் தெருவில் இருக்கப் போகிறாள். இந்தத் தொற்று உடம்பில் ஏறி வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். இன்றைக்கு நான்கு வீடு என்றால் இரண்டு வாரம் கழித்து அடுத்த வீடுகளில் தொடங்கலாம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரையிலான சமயத்தில் தாய்க்கு அம்மை கண்டால், பிறக்கிற குழந்தைக்கு மிகவும் கடுமையாக வரும்.

சம்பந்தி வீட்டார் கேட்பது நாளைத்தானே? நாள் அப்படியே இருக்கட்டும், இடத்தை மாற்றுங்கள். அந்தப் பக்கம் அம்மை இல்லையென்றால் மன்னார்குடி வீட்டுக் கூடத்திலேயே அத்தை, நாத்தனார் என்று பத்துப் பேரோடு வளையல் அடுக்கிவிடலாம். உங்கள் தெருக்காரர்கள் மட்டும் வேண்டாம். 200 பேருக்குப் போன் போடுவது சங்கடம்தான், ஆனால் தெருவில் அம்மை என்றால் யாரும் மனத்தாங்கல் கொள்ளமாட்டார்கள். நீங்களும் சின்ன வயதில் அம்மை வந்தவராக இருந்தால் மட்டும் போங்கள்.

மகள் அங்கேயே இருக்கட்டும். உங்கள் தெருவில் கடைசியாக அம்மை கண்ட பிள்ளைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். அதிலிருந்து 21 நாள் புதிதாக யாருக்கும் வரவில்லை என்றால் போய் அழைத்து வாருங்கள்.