அம்மாவின் மூச்சுக்கு 17 மார்க்: இந்த எண்ணை நம்பலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. ஆனால் பண்ருட்டிப் பக்கம் முந்திரி வறுக்கிற இடத்தில் பல வருடம் வேலை பார்த்தார். வீட்டிலும் விறகடுப்புதான். சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று சொல்லி, புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இன்ஹேலரும் மூச்சுப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். அங்கே எட்டுக் கேள்விகள் உள்ள ஒரு தாளை நிரப்பச் சொல்கிறார்கள். ஐப்பசியில் 23 வந்தது, மாசியில் 17. ஊதுகிற டெஸ்ட் மட்டும் அப்படியே இருக்கிறது. டாக்டரோ "நல்ல முன்னேற்றம்" என்கிறார். கேள்வி கேட்டு மார்க் போடுவது எப்படி அளவாகும்? முதல் தடவை அம்மாவுக்குப் பதிலாக நான்தான் நிரப்பினேன், இரண்டாவது தடவை அம்மாவே சொன்னார். நான் கடலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். இப்படிப்பட்ட தாள்களை எங்கள் சர்க்கரை நோயாளிகளிடம் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள ஆசை. எங்கே தொடங்குவது?
ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதல் தடவை நான்தான் நிரப்பினேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சந்தேகத்துக்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது. அதற்குமுன் ஊதுகிற டெஸ்ட் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முழு மூச்சை இழுத்துவிட்டு, முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ள முடிகிறது என்பதுதான் அந்த டெஸ்டில் முக்கியமான எண். மூச்சுக்குழாய் எந்த அளவுக்குச் சுருங்கிப் போயிருக்கிறது என்பதை அது காட்டும். வருடக்கணக்காகப் புகையில் கெட்டுப்போன நுரையீரலில் அந்த எண் பெரிதாக மேலே ஏறாது. ஆனால் பயிற்சி வேறொரு இடத்தில் வேலை செய்கிறது. கால் தசைகள் பலமானால், அதே தூரம் நடக்க முன்பைவிடக் குறைவான மூச்சு போதும். இன்ஹேலரைச் சரியாக இழுக்கப் பழகினால் மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகும். மூச்சு முட்டும்போது பதறாமல் சமாளிக்கத் தெரிந்தால் வெளியே போகும் பயமும் குறையும். இதில் எதுவும் ஊதுகிற டெஸ்டில் தெரியாது. டெஸ்டில் ஒரே எண் வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் உழவர் சந்தைக்குப் போய் காய் வாங்கி வருவார், இன்னொருவர் வாசல் திண்ணையோடு நின்றுவிடுவார். அந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் கேள்வித்தாள். ஆகவே டெஸ்ட் மாறாமல் மார்க் மட்டும் குறைந்திருப்பதில் முரண்பாடு இல்லை.

சரி, கேள்வி கேட்டு வாங்கும் எண் அளவாகுமா? ஆகும். ஆனால் எந்தத் தாளுக்கும் அந்தத் தகுதி சும்மா வந்துவிடாது. நோயாளியின் நிலை மாறாதபோது எண்ணும் மாறாமல் நிற்க வேண்டும். நிலை மாறினால் எண் நகர வேண்டும். மூச்சுத்திணறலை அளக்கிறேன் என்று சொல்லும் தாள் அதைத்தான் அளக்க வேண்டும், படிப்பறிவையோ பொதுவான மனச்சோர்வையோ அல்ல. இவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்கிற துறைக்குத்தான் சைக்கோமெட்ரிக்ஸ் என்று பெயர். அம்மாவுக்குத் தந்தது கேட் (CAT, சிஓபிடி அசெஸ்மென்ட் டெஸ்ட்) எனப்படும் தாளாகத்தான் இருக்க வேண்டும். லண்டன் நுரையீரல் மருத்துவர் பால் ஜோன்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் 2009-இல் வெளியிட்டது. இருமல், சளி, நெஞ்சு இறுக்கம், படி ஏறும்போது மூச்சு வாங்குவது, வீட்டு வேலை, வெளியே போகும் தைரியம், தூக்கம், தெம்பு என்று எட்டு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 40. எண் கூடக்கூட நோயின் பாரம் கூடுகிறது என்று பொருள். 2 மார்க் குறைந்தாலே நோயாளி உணரக்கூடிய மாற்றம் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அந்தக் கணக்குப்படி 6 குறைந்தது பெரிய விஷயம்தான்.

ஆனால் 23 உங்களுடைய எண், 17 அம்மாவுடைய எண். வீட்டில் இருப்பவர்கள் நோயாளிக்குப் பதிலாக நிரப்பும்போது, இருமல், நடை போன்ற கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள் ஓரளவு ஒத்துப்போகும். தூக்கம், தெம்பு, பயம் போன்றவற்றில் விலகும். பெரும்பாலும் குடும்பத்தார் நோயாளியைவிட மோசமாகவே மதிப்பிடுவார்கள். பாசமும் கவலையும் அப்படிப் பார்க்க வைக்கும். இன்னொரு பக்கம், நம் அம்மாக்கள் டாக்டர் முகத்தைப் பார்த்ததும் "பரவாயில்லைங்க" என்று சொல்லிப் பழகியவர்கள். போதாததற்குப் பருவம் வேறு. ஐப்பசி அடைமழையில் ஈரச் சுவரும் சளியுமாக எடுத்த எண்ணை, மாசி வெயிலில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுகிறோம். பயிற்சியால் எவ்வளவு குறைந்தது, ஆள் மாறியதால் எவ்வளவு, வானிலையால் எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியாது. உங்கள் டாக்டர் சொன்னது தவறில்லை, அம்மா தேறியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த 6-ஐ முழுதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 17-ஐத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தாளை யார் நிரப்பியது என்பதை டாக்டரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே, வரிசையில் காத்திருக்கும் நேரத்திலேயே தாளை முடித்துவிடுங்கள். அம்மாவுக்கு எழுத்து சிரமம் என்றால் அச்சிட்டிருப்பதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். "போன தடவை மூணு சொன்னியேம்மா" என்று எடுத்துக் கொடுக்க வேண்டாம். இந்தத் தாளில் 0-க்கு ஒரு வாசகம், 5-க்கு அதற்கு நேர் எதிரான வாசகம் இருக்கும், நடுவில் வெறும் எண்கள்தான். முதலில் இரண்டு முனைகளையும் வாசித்துவிட்டு, "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் வயதானவர்களுக்கும் புரிந்துவிடும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. ஒரு கேள்வி மேட்டிலோ மாடிப்படியிலோ ஏறுவதைப் பற்றியது. கடலூர் தட்டையான ஊர். ஓட்டு வீட்டில் இருப்பவர் மாடிப்படியே ஏறாமல் மாதக்கணக்கில் இருந்துவிடலாம். ஏறாதவருக்கு மூச்சு எப்படி வாங்கும்? 0 போட்டுவிடுவார். உடம்பு நன்றாக இருப்பதால் வந்த 0 அல்ல அது. கேள்வியின் வாசகத்தை மாற்றாதீர்கள். மனதில் நினைத்துக்கொள்ளும் படியை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலப் படி மாதிரி. ஏறுவதையே விட்டுவிட்டார் என்றால் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

எண் குறைந்திருக்கிறது என்ற தைரியத்தில் சில அறிகுறிகளைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. சளியின் நிறம் மாறினால், அளவு கூடினால், கால் வீங்கினால், உடனே காட்டுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, பேசும்போதே மூச்சு முட்டினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ அவசரப் பிரிவுக்கே போங்கள். அப்புறம், விறகடுப்பு இன்னும் எரிகிறது என்றால் முதலில் அதை அணையுங்கள்.

இனி உங்கள் கிளினிக். சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதச் சராசரி 9-லிருந்து 7-க்கு வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். ஊசிக்குப் பயந்து, விருந்துக்குப் போவதையே நிறுத்தி, ராத்திரி சர்க்கரை இறங்கிவிடுமோ என்று தூக்கம் கெட்டு அவர் அந்த 7-க்கு வந்திருந்தால், ரிப்போர்ட்டில் அது தெரியாது. அதைக் கேட்க வேண்டும் என்று ஒரு நர்ஸ் நினைப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

தொடங்கும்போது ஒரே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். என் சிபாரிசு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வித் தாள். 1998-இல் வந்தது. கடந்த இரண்டு வாரங்களில் மனம் உற்சாகமாக இருந்ததா, காலையில் புத்துணர்ச்சியோடு எழுந்தீர்களா என்கிற மாதிரி ஐந்தும் நல்ல விதமாகக் கேட்கும் கேள்விகள், நோயாளி முகம் சுளிக்க மாட்டார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மொத்தத்தை 4-ஆல் பெருக்கினால் 100-க்கு இத்தனை என்று வரும். 50 அல்லது அதற்குக் கீழே இருந்தால் உட்காரவைத்துப் பேச வேண்டியவர் என்று வைத்துக்கொள்ளலாம். அது பழகியபின் அதே நிறுவனத்தின் 26 கேள்வித் தாளுக்குப் போகலாம். உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகள். அதன் மூலத் தாளை உருவாக்கும் ஆய்வு நடந்த 15 மையங்களில் சென்னையும் ஒன்று, நம்மவர்களின் வாழ்க்கையும் அதற்குள் இருக்கிறது. அதில் தாம்பத்ய வாழ்க்கை பற்றி ஒரு கேள்வி வரும், வயதானவர்கள் பலர் அதை விட்டுவிடுவார்கள். விட்ட இடத்தில் நீங்களாக 0 போடுவதும் கூடாது, நடுவில் ஓர் எண்ணைப் போடுவதும் கூடாது. காலியாக விட்டு, வழிகாட்டிக் கையேடு சொல்கிற முறைப்படி கணக்கிடுங்கள்.

நீங்களே ஆங்கிலத் தாளைத் தமிழாக்கிவிடலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். அனுமதி பெற்ற தமிழ் வடிவம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். முறையாகத் தமிழாக்க வேண்டுமானால் இரண்டு பேர் தனித்தனியே செய்து, சேர்த்து, மூலத்தைப் பார்க்காத வேறு ஒருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, அதன்பின் நோயாளிகளிடம் "இதைக் கேட்டதும் என்ன நினைத்தீர்கள்?" என்று விசாரித்துத் திருத்த வேண்டும். அதற்குப் பிறகும் தாள் வாழ்க்கையோடு பொருந்துமா என்று பார்க்க வேண்டும். மூட்டுத் தேய்மானத்துக்கு உலகம் முழுக்கப் பயன்படும் வோமாக் தாளில் 24 கேள்விகள். சாக்ஸ் மாட்டுவது, கழற்றுவது, குளியல் தொட்டியில் இறங்குவது எல்லாம் அதில் உண்டு. தரையில் சம்மணம் போட்டு உட்கார்வது இல்லை. தேவனாம்பட்டினத்தில் மீன் கூறு போட்டு விற்கும் அம்மாவின் மூட்டு வலியில் பாதி அந்தத் தரையில்தானே இருக்கிறது!

கணக்கில் ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். எந்தத் தாளின் எண்ணிலும் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. ஒரு தாளில் நோயாளிகளின் மார்க் பரவல், அதாவது திட்ட விலக்கம், 10 என்றும் அதன் நம்பகத்தன்மை (0 முதல் 1 வரை போகும், 1 என்றால் தடுமாற்றமே இல்லை) 0.91 என்றும் வைத்துக்கொள்வோம். 1-இல் 0.91 போனால் 0.09. அதன் வர்க்கமூலம் 0.3. பத்தால் பெருக்கினால் 3. ஒரு தடவை எடுத்த மார்க்கில் உள்ள தடுமாற்றம் இது. இரண்டு தடவை எடுத்து ஒப்பிடும்போது 3-ஐ 95 சதவீத உறுதிக்கான 1.96-ஆலும், 2-இன் வர்க்கமூலமான 1.41-ஆலும் பெருக்க வேண்டும், சுமார் 8 வரும். ஆக ஒரே நோயாளியிடம் 8-க்கு மேல் மாறினால்தான் நிஜ மாற்றம் என்று உறுதியாகச் சொல்லலாம். நம்பகத்தன்மை 0.75 என்றால் அதே கணக்கு 14-ஐத் தொட்டுவிடும். நூறு பேரின் சராசரியைப் பார்க்க 0.7 போதும், ஒரு தனி மனிதரின் சிகிச்சையை முடிவுசெய்ய 0.9-ஆவது வேண்டும் என்று சொல்வது இதனால்தான். உங்கள் அம்மாவின் விஷயத்திலும் 2 மார்க்குக்கே துள்ளாமல், மூன்று நான்கு தடவை எடுத்து எண் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

இதை மேலும் படிக்க ஆசை இருந்தால், ஜிப்மர் போன்ற மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறையும் உயிர்ப்புள்ளியியல் துறையும் இருக்கின்றன. போய்க் கேளுங்கள், தயங்க வேண்டாம். சேர்த்த எண்களை ஆய்வாக எழுதும் எண்ணம் இருந்தால், தாள் கொடுக்கத் தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதியை வாங்கிவிடுங்கள்.

ஐந்து கேள்வித் தாளில் மார்க் குறைவாக வருபவர்களுக்கு அடுத்து பிஎச்கியூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளைக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்லுவார்கள். நல்ல தாள்தான். மொத்தம் 27 மார்க், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். ஆனால் அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று கேட்கிறது. அதற்கு ஒருவர் 'இல்லவே இல்லை' என்பதைத் தவிர வேறு எதை டிக் செய்தாலும், மொத்த மார்க் எவ்வளவாக இருந்தாலும் அன்றைக்கே ஒருவர் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். யார் பேசுவது, எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவது, கூட யார் போவது என்பதை உங்கள் டாக்டரோடு பேசி முன்கூட்டியே எழுதி வையுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணையும் மேஜையில் ஒட்டி வையுங்கள். இவ்வளவும் தயாராகும்வரை பிஎச்கியூ-9 தாளை நோயாளி கையில் கொடுக்க வேண்டாம்.