தனியே கூடைப்பந்து பழகுவோர்க்கு: கேள்வி பதில்

கேள்வி (தக்கலை): மைதானத்தில் மாலை வேளையில் நான் ஒருவனே இருக்கிறேன். பந்தை எடுத்துத் தர ஆளில்லாமல் ஷூட்டிங் பழகுவது எப்படி?

பதில்: ஆளில்லாததைக் குறையாக எண்ண வேண்டாம், தவறித் தெறிக்கும் பந்தைப் பற்றும் உங்கள் ரீபவுண்ட் பயிற்சியே அதில்தான் இருக்கிறது. எறிந்த பந்து உருண்டோடிய பிறகு நடந்துபோய் எடுப்பவர் பாதிப் பயிற்சியைத்தான் செய்கிறார். பந்து கையை விட்டதுமே அது எங்கே விழும் என்று கணித்து ஓடி, தரையைத் தொடுமுன் இரு கைகளாலும் பற்றி, தாடையருகே வைத்து முழங்கைகளை விரித்தபடி இறங்கி, நின்ற இடத்திலிருந்தே மீண்டும் எறிய வேண்டும். மூலையிலிருந்து எறிந்து தவறும் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போய் விழும்; தொலைவிலிருந்து எறிந்தது தொலைவாகவே தெறிக்கும்.

தொடக்கத்திற்கு மைக்கன் பயிற்சி போதும். உயரமிருந்தும் அசைவில் தடுமாறிய ஜார்ஜ் மைக்கன் என்ற வீரரை 1940களில் அமெரிக்காவின் டீபால் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ரே மேயர் பழக்கிய முறை அது. வளையத்தின் கீழ் நின்று, வலப்புறம் வலக்கையாலும் இடப்புறம் இடக்கையாலும் மாறிமாறிப் பலகையில் படும்படி போட்டு, விழும் பந்தைத் தோளுக்குக் கீழே இறக்காமல் தொடர வேண்டும். வலக்கையால் போடும்போது இடக்காலை ஊன்றி எழும்புங்கள்.

கேள்வி (குளச்சல்): வளையத்தில் பட்ட பந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரித் தெறிக்கிறது. காற்றுக் குறைவா, கைக்கோளாறா?

பதில்: முதலில் வளையத்தைப் பாருங்கள். கடற்காற்றில் போல்ட்டுகள் துருவேறித் தளர்ந்திருந்தால் பந்து தெறிக்காமல் செத்து விழும். அடுத்து, பந்தை 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். அதன் மேற்புறம் 1.2 முதல் 1.4 மீட்டர் வரை எழும்ப வேண்டும். தரையில் மணல் கிடந்தால் வாரியலால் பெருக்கிய பிறகே தாவுங்கள். இரு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஈரத் தரையில் ரீபவுண்டுக்குத் தாவவே கூடாது.

கேள்வி (ஆரல்வாய்மொழி): ஆடிக் காற்றில் மூன்று புள்ளி எறிதல் பழகலாமா?

பதில்: கூடாது. 6.75 மீட்டர் தொலைவில் காற்றுக்கு ஏற்பக் கையைத் திருத்தப் போனால் அந்தத் திருத்தமே பழக்கமாகிவிடும். காற்றாலைகள் விரைந்து சுழலும் மாதங்களில் வளையத்தருகே நின்று பழகுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): உயரம் 165 சென்டிமீட்டர். ரீபவுண்ட் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். எதிராளியை முதுகால் மறித்து முந்தி இடம் பிடிப்பவருக்கே பெரும்பாலான பந்துகள் சேரும். இக்கேள்வி இன்று பலரிடமிருந்து வந்துவிட்டது. அனைவருக்கும் இதுவே பதில்.

கேள்வி (மார்த்தாண்டம்): பலகையில் தட்டிப் போடுவது சிறுவர் ஆட்டம். வலையில் நேரே விழுவதே திறமை.

பதில்: அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில் ஐந்து முறை பட்டம் வென்ற டிம் டங்கனின் அடையாளமே பலகையில் தட்டிப் போடும் எறிதல்தான். பக்கவாட்டில் சுமார் 45 பாகையில் நிற்பவருக்குப் பலகையின் சதுரம் தெளிவான குறி. வளையமோ வெறும் காற்றில் நிற்கிறது.

மார்த்தாண்டம் மீண்டும்: அவர் ஏழடி ஆள். நமக்குப் பொருந்துமா?

பதில்: பந்து பலகையில் பட்டுத் திரும்பும் கோணம் எறிபவரின் உயரத்தைக் கேட்பதில்லை.

திங்கள்சந்தை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பலகை மழையில் ஊறி உப்பிய ஒட்டுப்பலகை. ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்புகிறது.

பதில்: நியாயமான மறுப்பு இது ஒன்றுதான். அப்பலகையை மாற்றும்வரை மார்த்தாண்டத்தார் சொற்படியே நேரே போடுங்கள்.

கேள்வி (இரணியல்): பதினான்கு வயது மகளுக்கு எந்தப் பந்து?

பதில்: 6ஆம் எண் பந்து.

கேள்வி (குழித்துறை): தாவும்போது முழங்கால் வலிக்கிறது.

பதில்: பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (கருங்கல்): உயரம் 160 சென்டிமீட்டர்தான். ரீபவுண்ட்…

பதில்: நாகர்கோவில் அன்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.