டிசம்பரில் எந்தத் தீவு? மலைக்கு இந்தப் பக்கம் பாருங்கள்

செந்தூலில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "டிசம்பர் பள்ளி விடுமுறையில் இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஒரு தீவுக்குப் போக ஆசை. பெர்ஹெந்தியானுக்கு மலிவாக ஒரு பேக்கேஜ் கிடைக்கிறது. ஆனால் டிசம்பரில் மலேசியா முழுக்க மழைக்காலம், எந்தத் தீவுக்கும் போகாதே என்கிறார்கள். ஆகஸ்டுக்குத் தள்ளிப் போடலாமா?"

தள்ளிப் போட வேண்டாம், தீவை மாற்றுங்கள். டிசம்பருக்கு லங்காவி.

நம் ஊரில் வெயில் எல்லா மாதமும் ஒன்றுதான், பகலில் 31, 32 டிகிரி. பருவம் என்று நாம் சொல்வதெல்லாம் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதைப் பொறுத்ததுதான். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. சீனா, சைபீரியா பக்கம் குளிர்ந்த காற்று தென்சீனக் கடலைத் தாண்டி வரும்போது வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கிழக்குக் கரையில், கிளந்தான், திரங்கானு, பகாங் பக்கம் கொட்டிவிடும். 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தில் மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் மூன்றும் அந்தப் பக்கத்துத் தீவுகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே பெரும்பாலான விடுதிகளுக்குப் பூட்டுதான், திறந்திருந்தாலும் கோலா பெசுட் ஜெட்டியிலிருந்து அந்தச் சின்ன வேகப்படகில் அலைமேல் குதித்துக் குதித்து மாமியாரை அழைத்துப் போக உங்களுக்கே மனசு வராது. கடலும் கலங்கிக் கிடக்கும், பிள்ளைகள் மீன் பார்க்க முடியாது. அந்த மலிவு பேக்கேஜ் எந்தத் தேதிக்குச் செல்லும் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

லங்காவி இருக்கும் மேற்குக் கரை வேறு கதை. நடுவில் திதிவங்சா மலைத்தொடர் நிற்கிறது. காற்று அதைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குவதற்குள் ஈரத்தில் பெரும்பங்கை அந்தப் பக்கமே விட்டுவிடும். பினாங்கில் இருக்கும் எங்களுக்கு இதற்கு நாட்காட்டியே தேவையில்லை. தீபாவளிச் சாமான் வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனால் பாதி நாள் குடைக்குள்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நடந்தால் தார் ரோடு வெறுங்காலைச் சுடும், பந்தலுக்குப் பந்தல் நின்று மோர் குடிக்காமல் நகர முடியாது. இடையில் இருப்பது இரண்டரை, மிஞ்சினால் மூன்றரை மாதம்தான். லங்காவியும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்: செப்டம்பர், அக்டோபரில் நனையும், நவம்பரிலும் முழுசாக நம்ப முடியாது (2017 நவம்பர் தொடக்கத்தில் ஒரே இரவு மழையில் பினாங்கே மூழ்கியது), ஜனவரி, பிப்ரவரியில் காய்ந்துவிடும். அதனால் டிசம்பரின் முதல் பாதியைவிடப் பின்பாதி நல்லது. பொங்கலை ஒட்டி லீவு போட முடிந்தால் இன்னும் நல்லது, கூட்டமும் குறையும்.

அதற்காக ஒரு துளி மழையே இருக்காது என்று சொல்லவில்லை. சாயங்காலம் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு விட்டுவிடலாம். போனில் ஏழு நாளும் மின்னல் படம் காட்டுகிறதே என்று பயந்து ரத்து செய்யாதீர்கள், நம் நாட்டில் அது எப்போதும் அப்படித்தான் காட்டும். புறப்படுகிற அன்று வானிலைத் துறையின் ரேடார் படத்தைப் பாருங்கள், அதுதான் உருப்படியான தகவல். லங்காவியில் மாட் சின்சாங் மலையின் கேபிள் காரை மட்டும் காலையிலேயே முடித்துவிடுங்கள். பலத்த காற்றும் மின்னலும் வந்தால் நிறுத்திவிடுவார்கள், மேலே போனவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, ஆகஸ்ட்? அப்போது தென்மேற்குப் பருவக்காற்று, எல்லாம் தலைகீழ். லங்காவி பக்கம் கடல் முரண்டு பிடிக்கும். 'சுமத்ரா' என்று நாம் சொல்லும் சூறைக்காற்று விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து ஜன்னலை அறையும். பெர்ஹெந்தியானில் அப்போது கடல் தெளிவாக இருக்கும், ஆமைகள் முட்டையிட வரும் காலமும் அதுதான். அந்த ஆசையை அப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளில் யாருக்காவது இழுப்பு இருந்தால் மட்டும் ஆகஸ்ட், செப்டம்பரில் இந்தோனேசியக் காட்டுத்தீயால் வரும் புகைமூட்டத்தைக் கவனியுங்கள், 2015, 2019 போல ஆனால் தீவு என்ன, வீட்டு வாசலே தெரியாது.

மாமியாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் கோலா பெர்லிஸ் வரை கார் ஓட்டி ஃபெர்ரி ஏறும் யோசனையை விட்டுவிடுங்கள். கோலாலம்பூரிலிருந்து லங்காவிக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். டிசம்பர் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகும், இந்த வாரமே பாருங்கள்.