நாய் நடுங்கினால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் பொமேரியனுக்கு மூன்று வயது. இரண்டு நாளாகப் பின்னேரமானால் நடுங்குகிறது. சாப்பாட்டை மோந்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுகிறது. குளிராக்கும் என்று அம்மா போர்வையால் சுற்றி வைக்கிறார். பனடோல் கால்வாசி கொடுக்கலாமா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டவே வேண்டாம். 500 மில்லிகிராம் குளிசையில் கால்வாசி என்றால் 125 மில்லிகிராம். மூன்று நான்கு கிலோ நாய்க்கு அது மிகக் கூடுதல், ஈரலைத் தாக்கக்கூடும். ஐபுபுரூஃபன் இன்னும் மோசம், வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

போர்வையையும் எடுத்துவிடுங்கள். மழையில் தெப்பமாக நனைந்தாலோ, குளித்த ஈரத்தோடு ஏசி அறையில் கிடந்தாலோ தவிர, கொழும்பு வெக்கையில் வளர்ந்த நாய் குளிரால் நடுங்குவது அரிது. காய்ச்சலில் நடுங்கும் நாயைச் சுற்றி மூடினால் சூடு இன்னும் ஏறும்.

மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பதில் பலனில்லை. டிஜிட்டல் தேர்மோமீட்டர் ஒன்றை நாய்க்கென்றே வைத்திருங்கள். நுனியில் தேங்காயெண்ணெய் தடவி, ஒருவர் நாயை அணைத்துப் பிடிக்க, வாலை உயர்த்தி ஆசனவாயில் 2 சென்ரிமீற்றர் அளவு மெதுவாக உள்ளே விடுங்கள். 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இயல்பு. 40ஐத் தொட்டால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போகவேண்டும். 41 என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அடுத்து மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கவேண்டும். எப்போதும் வெளிறியே இருந்தால், சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்: பபேசியா கிருமி சிவப்பணுக்களை உடைக்கிறது. வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகளோ மூக்கில் இரத்தமோ கண்டால் உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான ஏர்லிக்கியாவைச் சந்தேகிக்கவேண்டும். இரண்டும் ஒன்றாகவும் வரும். விரலிடுக்கு, காதின் உட்புறம், கழுத்துப்பட்டியின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் உண்ணி தேடுங்கள். ஒன்றும் அகப்படாவிட்டாலும் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்; இரத்தம் குடித்த உண்ணி விழுந்து சுவர் வெடிப்புக்குள் போயிருக்கும்.

இரண்டு நாளாக உண்ணாத நாய் என்பதால், காய்ச்சல் எவ்வளவாக இருந்தாலும் உங்களுடையதை இன்றே கொண்டுபோங்கள். இரத்தப் பரிசோதனையும் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையும் கேளுங்கள். ஏர்லிக்கியாவுக்கு டொக்சிசைக்கிளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை வழமையாக 28 நாள் கொடுப்பார்கள். நாலாம் நாளே நாய் துள்ளத் தொடங்கும், அதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பி வருவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: குட்டி போட்டு மூன்று வாரமான எங்கள் சிறிய நாய் மூச்சிரைத்து, கால் விறைத்து நடுங்குகிறது. பால் கொடுத்தால் சரியாகுமா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பால் பருக்கிப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. குட்டிகள் குடிக்கும் பாலோடு தாயின் இரத்தத்தில் கல்சியம் வற்றியிருக்கலாம்; சில மணி நேரத்தில் வலிப்பாக மாறும். குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே கொண்டுபோங்கள். கல்சியத்தை நாளத்தில் மிக மெதுவாக, இதயத் துடிப்பைக் கவனித்தபடி ஏற்றவேண்டும், அதனால் வீட்டில் செய்யக்கூடியதல்ல. அடுத்த முறை சினையாக இருக்கும்போது தாமாகக் கல்சியம் குளிசை கொடுக்காதீர்கள். உடல் தன் எலும்பிலிருந்து கல்சியம் எடுக்கும் பழக்கத்தை அது மந்தமாக்கி, இந்த ஆபத்தையே கூட்டும்.

கேள்வி: தூக்கத்தில் கால் துடிக்கிறது. வலிப்பா?
வாசகி, தெஹிவளை

பதில்: பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். விழித்துப் பார்த்தால் கனவு. விழிக்காமல் கால் விறைத்து, வாயில் நுரை தள்ளி, சிறுநீர் போனால் வலிப்பு. ஐந்து நிமிடம் தாண்டினால் அவசரம். விழித்திருக்கும்போதும் ஒரே கால் அல்லது தாடை தாளம் தவறாமல் துடித்தால், குறிப்பாகத் தடுப்பூசி போடாத குட்டியில், நரம்பைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயைச் சோதிக்கவேண்டும். எதுவானாலும் வாய்க்குள் கையை விடாமல், தொலைபேசியில் படம்பிடித்து, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். மேசையில் ஏற்றும்போது நடுக்கம் நின்றிருக்கும், வைத்தியர் பார்க்க அந்தப் படம்தான் மிஞ்சும்.