யூக்கலிப்டஸ் தைலமும் கற்பூரமும் பார்சலில் போகலாமா?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நானும் தங்கையும் யூக்கலிப்டஸ் தைலத்தை 30 மி.லீ., 100 மி.லீ. போத்தல்களில் அடைத்து ஃபேஸ்புக்கில் விற்கிறோம். நுளம்புக்கு அடிக்கும் ஸ்ப்ரே ஒன்றும், கற்பூரம், ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் சேர்த்து ஒரு பூசைப் பொதியும் செய்கிறோம். கனடாவில் இருக்கும் மாமி கேட்டதற்கு அனுப்பிய பார்சலை, "டேஞ்சரஸ் கூட்ஸ்" என்று சொல்லிக் கொரியர்காரர்கள் திருப்பிவிட்டார்கள். ரோட்டோரக் கடையில் விற்கும் தைலம் எப்படி ஆபத்தான பொருளாகும்? இத்தனை சின்ன போத்தலுக்கும் சட்டமா? "ஹேர்பல் ஒயில்" என்று மட்டும் எழுதினால் போய்விடும் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்யாதீர்கள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து போகும் பார்சல்களில் பல, பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகின்றன. எதை எங்கே வைப்பது, எதை எதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பதை ஏற்றுகிறவர்கள் நீங்கள் எழுதிக் கொடுத்ததை நம்பித்தான் முடிவு செய்கிறார்கள். 1996இல் அமெரிக்காவின் புளோரிடாவில் வாலுஜெட் விமானம் விழுந்து 110 பேர் இறந்தார்கள். ஒட்சிசன் உருவாக்கும் கருவிகளைப் பெட்டியில் போட்டு, வெறும் காலி டப்பா என்று எழுதி ஏற்றியிருந்தார்கள். உதாரணத்துக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில், நைத்திரிக் அமிலம் கசிந்த கொள்கலன் ஒன்று இருந்தது. உங்கள் பெட்டி சின்னதுதான். ஆனால் அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதில் சின்னது பெரியது கிடையாது.

இனி தைலத்துக்கு வருவோம். ஒரு திரவம் தீப்பற்றக்கூடியதா என்று பார்க்க, "பற்றுநிலை" என்ற அளவை வைத்திருக்கிறார்கள். எந்த வெப்பத்தில் அதன் ஆவி, பக்கத்தில் ஒரு சுடர் இருந்தால் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதுதான் அந்த அளவு. ஐக்கிய நாடுகளின் மாதிரி விதிகளில் ஆபத்தான பொருட்கள் 9 வகுப்புகள். பற்றுநிலை 60 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே உள்ள திரவங்கள் 3ஆம் வகுப்பு. யூக்கலிப்டஸ் தைலத்துக்குப் பொதுவாக 50 பாகைக்குச் சற்றுக் குறைவு. உங்கள் லயத்து அறையில் 20 பாகை குளிரில் அந்தத் தைலம் சாதுவாக இருக்கும். அதே போத்தல் கினிகத்தேனை வழியாக இறங்கி, கொழும்பில் ஒரு மூடிய வேனுக்குள் மத்தியான வெயிலில் கிடந்தால் 50 பாகையைத் தாண்டலாம். நீங்கள் அடைக்கிற இடத்தை நினைத்து விதி எழுதப்படவில்லை, பார்சல் போகிற வழியிலேயே மோசமான இடத்தை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும்.

எல்லாத் தைலமும் ஒன்றல்ல. கறுவா இலைத் தைலம், கராம்புத் தைலம், சிட்ரனெல்லா ஆகியவற்றின் பற்றுநிலை பொதுவாக 60 பாகைக்கு மேலே. தோடம்பழத் தைலமும் எலுமிச்சைத் தைலமும் யூக்கலிப்டஸ் மாதிரியே கீழே. வாசனைக்காக இரண்டைக் கலந்தால் என்ன வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். ஆகவே தைலத்தை மொத்தமாக வாங்கும் இடத்தில் "எஸ்.டி.எஸ்." எனப்படும் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 16 பகுதிகள் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டுதான்: 9ஆம் பகுதியில் பற்றுநிலை, 14ஆம் பகுதியில் போக்குவரத்துக்கான யூ.என். எண்ணும் (பொருளை அடையாளம் காட்டும் ஐக்கிய நாடுகளின் எண்) வகுப்பும். தாள் தர முடியாது என்கிறவரிடம் தைலம் வாங்காதீர்கள், தரத்திலும் அவரை நம்ப முடியாது. நீங்களே வடிக்கிறீர்கள் என்றால், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் பரிசோதனை பற்றி விசாரியுங்கள்.

சின்ன அளவுக்கும் சட்டமா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, ஆனால் உங்களுக்குச் சாதகமாகவே உண்டு. "விலக்களிக்கப்பட்ட அளவு" என்று ஒரு படி இருக்கிறது. ஒரே வகுப்புக்குள்ளும் ஆபத்தின் அளவைப் பார்த்துப் "பொதித் தொகுதி" என்று பிரிப்பார்கள். உங்கள் தைலம் 3ஆம் வகுப்பில் ஆபத்துக் குறைந்த மூன்றாம் பொதித் தொகுதியில் வரும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு போத்தலில் 30 மி.லீ. வரை, ஒரு பெட்டியில் மொத்தம் 1 லீற்றர் வரை, முழு அபாய விதிகளும் இல்லாமல் விமானச் சரக்காகப் போகலாம். அதாவது 30 மி.லீ. போத்தல் 33 வரை. 100 மி.லீ. போத்தல் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தப் பெட்டிக்கு இந்தச் சலுகை இல்லை. வெளிநாட்டு ஓடருக்கு 100 மி.லீ. போத்தலை நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். முழு விதி இல்லை என்பதற்காக ஒரு விதியும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட்டியில் கோடு போட்ட ஓரமும் நடுவில் ஆங்கில 'E' எழுத்தும் கொண்ட, பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றர் உள்ள சதுர முத்திரை வேண்டும், அதில் வகுப்பு எண் வேண்டும். விமானச் சரக்குச் சீட்டிலும் விலக்களிக்கப்பட்ட அளவில் ஆபத்தான பொருள் என்று எழுத வேண்டும். அடைக்கிறவருக்கு இதில் பயிற்சியும் வேண்டும்.

அதற்கு அடுத்தது "மட்டுப்படுத்தப்பட்ட அளவு". இதே தைலத்துக்குத் தரையிலும் கடலிலும் ஒரு போத்தல் 5 லீற்றர் வரை, பெட்டி 30 கிலோ வரை. மேலும் கீழும் கறுப்பாக, நடுவில் வெள்ளையாக இருக்கும் சாய்சதுர முத்திரை இதற்குரியது. விமானத்தில் இந்தப் படியில் அனுப்பினால் அளவுகள் குறையும், பயிற்சி பெற்றவர் கையெழுத்திட்ட அறிவிப்புப் பத்திரமும் வேண்டும். வீட்டுத் தொழிலுக்கு அது சரிவராது.

ஸ்ப்ரேயில் என்ன கலக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கைக்கு அடிக்கும் சனிடைசர் மாதிரி 70 சதவீத அல்கஹோல் என்றால் அதன் பற்றுநிலை 20 பாகைக்கும் கீழே. ஹட்டனிலேயே பற்றும். அது இரண்டாம் பொதித் தொகுதி. போத்தல் 30 மி.லீ. தான், ஆனால் பெட்டிக்கு 500 மி.லீ. மட்டுமே. கையால் அமுக்கும் பம்ப் போத்தல் ஏரோசோல் ஆகாது. வாயு அடைத்த டின் என்றால்தான் 2ஆம் வகுப்பு. வாங்குகிறவர்கள் இரண்டையும் ஸ்ப்ரே என்றே சொல்வார்கள். நீங்கள் கொரியரில் பேசும்போது பம்ப் போத்தல் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பூசைப் பொதியில் சிக்கல் கற்பூரம்தான். கடையில் கிடைக்கும் கட்டிக் கற்பூரம் பெரும்பாலும் செயற்கைக் கற்பூரம். அதற்குத் தனி எண்ணே உண்டு: யூ.என். 2717, தீப்பற்றும் திண்மம், 4.1 வகுப்பு. பொதியோடு தீப்பெட்டியும் வைக்கிறீர்களா? அதுவும் 4.1. கப் சாம்பிராணியில் கரி இருக்கும். கரி தானாகச் சூடேறும் பொருட்களின் வகுப்பில் வரக்கூடியது, பரிசோதித்து இல்லை என்று காட்டினால்தான் விடுவார்கள். ஊதுபத்தியால் பொதுவாகத் தொல்லை இல்லை. என் யோசனை இதுதான்: வெளிநாட்டுக்கென்று கற்பூரம், தீப்பெட்டி, கப் சாம்பிராணி மூன்றும் இல்லாத பொதி ஒன்றைத் தனியாகச் செய்யுங்கள். கனடாவில் தமிழ்க்கடைக்குக் குறைவில்லை, மாமி அங்கேயே கற்பூரம் வாங்கிக்கொள்வார்.

அடைக்கும் முறைக்கு வருகிறேன், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். யூக்கலிப்டஸ் தைலம் ரிஜிஃபோமைக் கரைக்கும். ஒரு துளி விட்டுப் பாருங்கள், குழி விழுந்து பிசினாகிவிடும். உடையாமல் இருக்கட்டும் என்று ரிஜிஃபோமில் பொதிந்து அனுப்பினால், ஒரு மூடி கசிந்ததும் காவலாக வைத்த பொருளே கரைந்து போத்தல்கள் ஒன்றோடொன்று மோதும். அழகுக்காகப் போடும் ரப்பர் டிரொப்பர் மூடியும் தைலத்தின் ஆவியில் ஊதி இளகும். பழுப்புக் கண்ணாடிப் போத்தல், துளியாக விழ உள்ளே ஒரு அடைப்பான், மேலே திருகு மூடி, அதைச் சுற்றி இறுக்கமாக டேப். இது போதும்.

போத்தலைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். 55 பாகையிலும் திரவம் போத்தலை முட்ட நிரப்பக்கூடாது என்பது விதி. குளிர்ந்த காலையில் 15 பாகையில் நிரப்பிய 100 மி.லீ. அல்கஹோல், 55 பாகைக்குப் போகும்போது 4 மி.லீ.க்கு மேல் விரியும். தைலம் கொஞ்சம் குறைவாக விரியும். தோள் வளையும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். காற்றழுத்தமும் ஒரு விஷயம். கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பக்கெட் நுவரெலியாவுக்கு வரும்போது பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் போத்தலுக்கு நேர்மாறு: மேலே மூடியது கீழே இறங்கும்போது, மெல்லிய பிளாஸ்டிக் என்றால் உள்ளே ஒடுங்கும். பிறகு விமானத்தில் ஏறும்போது மறுபடி விரியும். இப்படி ஒடுங்கி விரிந்தே மூடி தளர்ந்துவிடும்.

போத்தல்களைப் பொலித்தீன் பையில் சீல் வைத்து, அத்தனை போத்தலும் உடைந்தாலும் உறிஞ்சக்கூடிய அளவுக்குக் கிச்சன் பேப்பரோ பருத்தித் துணியோ வையுங்கள். சிலர் டயப்பர் வைக்கிறார்கள். அதிலுள்ள ஜெல் தண்ணீரைக் குடிக்கும், எண்ணெயைக் குடிக்காது. வெளிப்பெட்டி உறுதியான அட்டை. விலக்களிக்கப்பட்ட அளவுக்கு இந்தப் பொதி 1.8 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உள்ளே எதுவும் உடையவோ கசியவோ கூடாது. அடிப்பக்கம், மேற்பக்கம், நீளப் பக்கம், குறுகிய பக்கம், மூலை என்று ஐந்து விதமாகப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். தண்ணீர் நிரப்பிய போத்தல்களை வைத்து முற்றத்து சீமெந்துத் தரையில் நீங்களே போட்டுப் பாருங்கள். பெட்டியின் பலவீனம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 3 மீற்றர் உயரத்துக்கு அடுக்கினால் வரும் பாரத்தை 24 மணி நேரம் தாங்க வேண்டும் என்றும் உண்டு.

எங்கே கொடுப்பது? தபால் கந்தோரில் கொடுக்காதீர்கள். தீப்பற்றும் பொருளை வெளிநாட்டுத் தபாலில் அனுப்ப உலகத் தபால் ஒன்றியத்தின் விதிகள் இடம் தருவதில்லை, மேலே சொன்ன 30 மி.லீ. சலுகையும் விமானத் தபாலுக்குப் பொருந்தாது. தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்துப் பஸ்ஸில் அனுப்பும் வழக்கமும் நம் பக்கம் இருக்கிறது. தைலத்துக்கும் ஸ்ப்ரேக்கும் அது வேண்டவே வேண்டாம். அறுபது பேர் நெருங்கி நிற்கும் வண்டியில், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் உங்கள் பெட்டி இருக்கும்.

கொழும்பு, யாழ்ப்பாணம் ஓடர்களுக்குத் தரைவழிக் கொரியர்தான் சரி. எஸ்.டி.எஸ். தாளை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பி, இதை ஏற்பீர்களா, முழு வழியும் தரையில்தானா என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் சொந்த நிபந்தனை உண்டு, சர்வதேச விதி அனுமதித்தாலும் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. கவுண்டரில் இருக்கும் பிள்ளையோடு சண்டை போட்டுப் பயனில்லை.

கனடாவுக்கு, ஆபத்தான பொருட்களில் ஐயாட்டா (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) பயிற்சி பெற்ற ஆட்கள் உள்ள சரக்கு முகவர் மூலம் அனுப்பலாம். பத்துப் போத்தலுக்குக் கட்டணம் தைலத்தின் விலையைவிடப் பல மடங்கு வரும். ஓடர்கள் சேர்ந்து ஒரு பெட்டி நிறையும் வரை பொறுக்கலாம். மாமியே ஊருக்கு வந்து போகிறார் என்றால் இன்னும் சுலபம்: சொந்தப் பாவனைக்கான மருந்து, அழகுசாதனப் பொருட்களை ஒவ்வொன்றும் அரை லீற்றருக்கு மேற்படாமல், மொத்தம் 2 லீற்றர் வரை ஒரு பயணி கொண்டுபோகலாம். லேபிள் ஒட்டிய போத்தல்களாகப் பெரிய பெட்டியில் போடச் சொல்லுங்கள், விமான நிறுவனத்திடமும் முதலில் கேட்கச் சொல்லுங்கள். இது அவருடைய சொந்தப் பாவனைக்கு மட்டும், விற்பதற்கு அல்ல. கற்பூரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

திரும்பி வந்த பெட்டியை அப்படியே வேறொரு கொரியருக்குக் கொண்டுபோகாதீர்கள். அடுப்பு எரியாத அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துப் பிரியுங்கள். கசிந்த போத்தலை ஒதுக்கி, 100 மி.லீ. போத்தல்களை உள்ளூர் ஓடருக்கு எடுத்து வையுங்கள். அப்புறம் தைலம் வாங்கிய இடத்துக்குப் போன் போட்டு எஸ்.டி.எஸ். தாளைக் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை புதுப் பெட்டி கட்ட வேண்டாம்.